பிரஷ் கோடு மறைவதற்குள்

புதிதாக எனாமல் அடித்த கதவைப் பகலில் நேராக நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைக் கதவோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு மேடு, பக்கத்திலேயே ஒரு பள்ளம், மறுபடி மேடு என்று மேலிருந்து கீழ்வரை ஓடும். மேட்டின் உயரம் சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். ஆனால் மினுமினுக்கும் பரப்பில் கண் இதை விடாது. எதிர் ஜன்னலின் பிரதிபலிப்பு கொஞ்சம் நெளிந்தால் போதும், "ஃபினிஷிங் சரியில்லையே" என்று சொல்லிவிடுவோம். சுவரில் அடித்த மேட் பெயிண்டில் இதைவிடப் பெரிய மேடு பள்ளம் இருக்கும், யாரும் கேட்பதில்லை. திட்டு வாங்குவது எப்போதும் கதவு அடித்தவர்தான்.

*

"தானாப் படிஞ்சிடும் சார்." பழைய எனாமல் காலத்திலிருந்து பெயிண்டர்கள் சொல்லிவரும் வாக்கியம். பெரும்பாலும் உண்மையும்கூட. எது படிய வைக்கிறது என்று கேட்டால், புவியீர்ப்பு என்றுதான் பலரும் சொல்வார்கள். நிற்கும் கதவில் புவியீர்ப்பு பெயிண்டைக் கீழே இழுக்குமே தவிர, பக்கத்துப் பள்ளத்துக்குள் தள்ளாது. பலகையைத் தரையில் கிடத்தி அடித்தாலும், கோடுகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளி இருக்கும்போது அதன் பங்கு சொற்பம்.

வேலை செய்வது பரப்பு இழுவிசை. திரவத்தின் மேல்தோல் எப்போதும் சுருங்கப் பார்க்கும். மேடு வளைந்திருப்பதால் அதற்குக் கீழே அழுத்தம் கொஞ்சம் கூடுதல், பள்ளத்துக்குக் கீழே கொஞ்சம் குறைவு. அந்த வித்தியாசம் பெயிண்டை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நகர்த்துகிறது. பெயிண்ட் நகர வேண்டிய பாதை, கதவுக்கும் காற்றுக்கும் இடையே உள்ள நூறு மைக்ரான் சந்து. எல்லாச் சிக்கலும் அந்தச் சந்தில்தான்.

*

பிரிட்டனில் ஸ்மித், ஆர்ச்சர்ட், ரைண்ட்-டட் என்ற மூவர் 1961இல் பிரஷ் கோடுகளின் இயற்பியலைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்கள். அடுத்த ஆண்டு ஆர்ச்சர்ட் தனியாக எழுதிய கட்டுரையில் வந்த சமன்பாட்டைத்தான் பெயிண்ட் ஆய்வகங்கள் இன்றும் கைக்கணக்காகப் போடுகின்றன. அதன் சாரம் இது: கோடு மறைய ஆகும் நேரம் பாகுநிலைக்கு நேர் விகிதம், பரப்பு இழுவிசைக்குத் தலைகீழ் விகிதம். இதை யாரும் ஊகித்துவிடலாம். மிச்சம் இரண்டும்தான் ஆளைத் தூக்கிவாரிப் போடுகின்றன. பூச்சின் தடிமன் மும்மடிப் பெருக்காக உள்ளே வருகிறது. கோட்டுக்குக் கோடு உள்ள இடைவெளி நான்மடிப் பெருக்காக வருகிறது.

ஒரு கணக்கு. ஈரமாக இருக்கும்போது பூச்சு 100 மைக்ரான். கோடுகளின் இடைவெளி 2 மில்லிமீட்டர். பெயிண்டின் பாகுநிலை விளக்கெண்ணெய் அளவு, அதாவது தண்ணீரைப் போல ஆயிரம் மடங்கு. பரப்பு இழுவிசை மீட்டருக்கு 30 மில்லிநியூட்டன். மேட்டின் உயரம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகக் குறைய ஒரே ஒரு விநாடி போதும். பிரஷை எடுத்துத் திரும்புவதற்குள் கோடு போய்விட்டது.

இப்போது பெயிண்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று இழுத்து இழுத்து 50 மைக்ரானாக அடித்தால் 8 விநாடி. தடிமன் அதே 100, பிரஷ் மட்டும் மட்டம், கோட்டு இடைவெளி 4 மில்லிமீட்டர் என்றால் 16 விநாடி. மெல்லிய பூச்சும் மட்டமான பிரஷும் சேர்ந்துவிட்டால் 128 விநாடி. அதோடு பெயிண்டும் பத்து மடங்கு கெட்டியாக இருந்தால் இருபது நிமிடத்துக்கு மேல். இது உயரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்காக ஆகும் நேரம் மட்டுமே. கண்ணுக்கு மறைய இதைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். தண்ணீர் பெயிண்ட் அவ்வளவு நேரம் ஈரமாக இருக்காது.

*

இந்த மும்மடிப் பெருக்கை அடுப்பங்கரையில் பார்த்துக்கொள்ளலாம். ஒரே மாவுதான். கரண்டியால் மெல்லிசாகத் தேய்த்த தோசையில் கரண்டி போன வளையங்கள் அப்படியே நிற்கின்றன. தடிமனாக ஊற்றிய ஊத்தப்பத்தில் வளையம் இருப்பதில்லை. தோசை மாவு நகர்வதற்குள் கல் அதை வேக வைத்துவிடுகிறது.

*

ஆகவே பிரஷ் முக்கியம். விலை அதிகமான பிரஷ் என்றால் கம்பெனிக்காரன் கொள்ளை என்றுதான் வீட்டுக்காரர் நினைப்பார். நல்ல பிரஷில் ஒவ்வொரு இழையும் நுனியில் மெலிந்து, நுனி இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கும். கோடு நெருக்கமாக விழும். இடைவெளி பாதியானால் நேரம் பதினாறில் ஒன்று. நான்மடி இங்கே நம் பக்கம் வேலை செய்கிறது.

பன்றிமுடி பிரஷ் எண்ணெய் பெயிண்டுக்குச் சரி. தண்ணீர் பெயிண்டில் முடி தண்ணீரைக் குடித்துத் துவண்டுவிடும். நைலானோ பாலியெஸ்டரோ கலந்த செயற்கை இழைதான் இதற்கு. டப்பாவிலேயே எழுதியிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

*

தண்ணீர் பெயிண்டுக்கு நேரம் ஏன் இவ்வளவு குறைவு?

பழைய எனாமலில் பிசின் கரைப்பானில் கரைந்து கிடக்கிறது. டர்பன்டைன் மெதுவாகப் போகப் போகப் பெயிண்ட் மெதுவாகக் கெட்டியாகிறது. கரைப்பான் முழுக்கப் போன பிறகும் பிசின் உடனே கல்லாகிவிடுவதில்லை. காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகப் பல மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. கோடு மறைய அவகாசம் ஏராளம்.

எமல்ஷனில் பிசின் கரையவில்லை. சுமார் 0.1 மைக்ரான் அளவுள்ள கோடிக்கணக்கான குட்டி உருண்டைகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. டப்பாவைத் திறந்தால் தெரியும் பால் வெள்ளையில் ஒரு பங்கு அந்த உருண்டைகளால் வருவதுதான். உருண்டைகள் விலகி நிற்கும்வரை பெயிண்ட் ஓடும். ஒன்றோடொன்று முட்டத் தொடங்கியதும் பாகுநிலை செங்குத்தாக ஏறும். கனஅளவில் 60 சதவீதம் திடப்பொருள் ஆகிவிட்டால் நகர்ச்சி ஏறக்குறைய முடிந்தது.

டப்பாவில் இருக்கும்போது கனஅளவில் 40 சதவீதம் திடப்பொருள் என்று வைத்துக்கொள்வோம். 100 மைக்ரான் பூச்சில் 40 திடம், 60 தண்ணீர். 60 சதவீதத்தை எட்ட மொத்தத் தடிமன் 67 மைக்ரானாக இறங்க வேண்டும். போக வேண்டிய தண்ணீர் 33 மைக்ரான், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 33 கிராம். இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர். பாதிக்குச் சற்றுக் குறைவான தண்ணீர் இன்னும் பூச்சிலேயே இருக்கும். தொட்டால் கையில் ஒட்டும். ஆனால் கோடு அழிய வேண்டிய நேரம் முடிந்துவிட்டது. ஈரமாக இருக்கிறதே என்று அப்போது பிரஷை வைத்தால் விழும் கோடு இனிப் படியாது.

*

சதுர மீட்டருக்கு 33 கிராம் என்று தெரிந்த பிறகு வீட்டில் உள்ள பல பொருள்கள் எதிரியாகத் தெரிகின்றன. முதல் எதிரி மின்விசிறி. "ஃபேனைப் போட்டுக்கங்க அண்ணே, வேர்க்குது பாருங்க" என்று வீட்டுக்காரர் அன்பாகச் சொல்வார். விவரமான பெயிண்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வேண்டாம் என்பார். அடுத்தது வெயில். சித்திரை மத்தியானத்தில் இரும்பு கேட்டில் கை வைக்க முடியாது. அதில் தண்ணீர் பெயிண்டை வைத்தால் பிரஷுக்கு அடியிலேயே காய்ந்து இழுபடும். காலையில் மேற்குப் பக்கம், சாயங்காலம் கிழக்குப் பக்கம் என்று நிழலைத் துரத்தித்தான் அடிக்க வேண்டும். மூன்றாவது எதிரி கண்ணில் படாது: பிரைமர் போடாத பட்டி. மேலே காற்று குடிக்கிறது, கீழே பட்டி குடிக்கிறது, நடுவில் பெயிண்ட் திணறுகிறது.

பொங்கலுக்கு முன்னால் மார்கழியில் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் ஊர் வழக்கம். தண்ணீர் எனாமலுக்கும் நம் ஊரில் அதைவிடத் தோதான மாதம் இல்லை. காற்றில் ஈரம், மிதமான சூடு, மழையும் ஓய்ந்திருக்கும். ஊட்டி மார்கழி வேறு கதை. 10 டிகிரிக்குக் கீழே அடிக்க வேண்டாம் என்று பல டப்பாக்களில் போட்டிருப்பது கோடு மறையாது என்பதற்காக இல்லை. குளிரில் அந்த உருண்டைகள் இளகி ஒன்று சேராமல், படலம் மாவாக உதிரும் என்பதற்காக.

*

நல்ல கை ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றதை எழுதி வைக்கிறேன்.

நான்கு பலகை வைத்த பழைய தேக்குக் கதவு. முதலில் பலகைகளை முடித்தார், பிறகு குறுக்குச் சட்டங்கள், கடைசியில் நெடுக்குச் சட்டங்கள். பிரஷை மூன்றில் ஒரு பங்கு மட்டும் முக்கினார். டின் விளிம்பில் வழித்து எடுக்கவில்லை. உள்பக்கம் இரண்டு தட்டு, அவ்வளவுதான். ஒரு முழம் நீளத்துக்குத் தாராளமாக வைத்தார். குறுக்கே இரண்டு இழுப்பு. பிறகு பிரஷைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து, நுனி மட்டும் படும்படி, காய்ந்த பக்கத்திலிருந்து ஈரமான பக்கம் நோக்கி ஒரே திசையில் ஒரு தடவல். முடியும் இடத்தில் பிரஷ் நிற்கவில்லை. விமானம் ஏறுவதுபோல் மேலே எழும்பிவிட்டது. அந்த இடத்தை அதற்கப்புறம் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"அங்க ஒரு இடம் விட்டுப்போச்சே" என்று காட்டினேன்.

"தெரியும் சார். அடுத்த கோட்டுல வரும். இப்போ கை வெச்சா பிஞ்சிடும்."

உடன் வேலை செய்த வயதானவர் எண்ணெய் எனாமலிலேயே ஊறியவர். ஐந்து நிமிடம் கழித்து வந்து, விட்ட இடத்தைத் தொட்டு, வழிந்ததை இழுத்து, மறுபடி நீவிச் சரிசெய்யும் கை. எனாமலில் அந்தக் கைக்குத்தான் மரியாதை. தண்ணீர் பெயிண்டில் அதே கை பாதி கட்டிய படலத்தைக் கிழித்து, எந்தக் காலத்திலும் படியாத வடுவைப் போடுகிறது. அவர் பெயிண்டைத் திட்டினார். "இதெல்லாம் ஒரு பெயிண்டா, தண்ணி." இளையவர் வாய் திறக்கவில்லை. பெரியவரை எதிர்த்துப் பேசுகிற வழக்கம் அந்தக் குழுவில் இல்லை.

*

"கொஞ்சம் தண்ணி ஊத்தினா படிஞ்சிடும்." ஊற்றினால் படியும்தான். அளவாக ஊற்றச் சொல்லி டப்பாவிலேயே இருக்கிறது. அளவுக்கு மேல் போனால் படிவதோடு வழியும், மூடும் திறன் குறையும், காய்ந்த பிறகு படலம் ஒல்லியாகும். நீர்த்த பெயிண்டை வழியாமல் அடிக்க மெல்லிசாக இழுக்க வேண்டும். தடிமன் குறைந்தால் மும்மடித் தண்டனை. ஒரு கையால் வாங்கியதை மறு கையால் கொடுத்தாயிற்று.

*

பெயிண்ட் செய்பவரின் தலைவலி என்று ஒன்று உண்டு. அதற்கும் ஒரு சின்னக் கணக்கு.

நிற்கும் கதவில் 100 மைக்ரான் பூச்சைப் புவியீர்ப்பு கீழே இழுக்கும் விசையைப் போட்டுப் பார்த்தால் சதுர மீட்டருக்கு ஒரு நியூட்டனைக் கொஞ்சம் தாண்டும். ஒரு பாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். அதே பூச்சில் 2 மில்லிமீட்டர் இடைவெளியும் 10 மைக்ரான் உயரமும் உள்ள கோட்டைப் பரப்பு இழுவிசை சமப்படுத்தும் விசையைப் போட்டால் அதுவும் ஏறக்குறைய ஒரு பாஸ்கல்.

கோடு மறைய வேண்டும், ஆனால் வழியக் கூடாது என்று வீட்டுக்காரர் கேட்கிறார். ஒரு பாஸ்கலுக்கு அசைந்து கொடு, ஒரு பாஸ்கலுக்கு அசையாதே என்று பெயிண்டிடம் சொல்வதற்குச் சமம் அது. அது மட்டும் இல்லை. கோட்டின் உயரம் குறையக் குறையச் சமப்படுத்தும் விசையும் குறைகிறது. வழியும் விசை குறைவதில்லை. அரை பாஸ்கலுக்குக் கீழே நகரவே மாட்டேன் என்ற குணம் பெயிண்டுக்கு இருந்தால், 10 மைக்ரான் மேடு 5 மைக்ரான் வரை இறங்கி அங்கேயே உறைந்துவிடும். டார்ச் வெளிச்சத்தில் தெரிந்த கோடுகளில் பாதி இப்படி உறைந்தவையாகத்தான் இருக்கும்.

தப்பிக்க ஒரே வழி காலம். பிரஷ் இழுக்கும்போது பெயிண்ட் நீர்க்க வேண்டும். பிரஷ் போனதும் கொஞ்ச நேரம் நீர்த்தே இருந்து கோட்டை அழித்துக்கொள்ள வேண்டும். வழியத் தொடங்குவதற்குள் பழையபடி கெட்டியாக வேண்டும். கோடு ஓட வேண்டிய தூரம் மில்லிமீட்டர், வழிசல் கண்ணுக்குத் தெரிய ஓட வேண்டிய தூரம் சென்டிமீட்டர். அந்த இடைவெளியில்தான் ஒரு தொழிலே நடக்கிறது.

*

பெயிண்டைக் கெட்டியாக்கும் சரக்கில் இரண்டு சாதி. பழையது ஹைட்ராக்சி எத்தில் செல்லுலோஸ். மலிவு, நம்பகம். நீண்ட சங்கிலிகள் தண்ணீரில் சிக்கிக் கிடந்து கெட்டியாக்குகின்றன. கூடவே பிசின் உருண்டைகளை ஒதுக்கித் தள்ளிக் கொத்துக் கொத்தாகச் சேர வைக்கின்றன. பிரஷ் போனதும் கொத்துகள் சட்டென்று கூடிவிடும். வழியாது; கோடும் மறையாது. ரோலர் அடிக்கும்போது முகத்தில் தெறிப்பதும் இதன் கைங்கரியம்.

1980களில் பரவலானது பாலியூரித்தேன் வகை. சின்னச் சங்கிலி, இரண்டு முனையிலும் தண்ணீரைப் பிடிக்காத கொக்கி. அந்தக் கொக்கிகள் பிசின் உருண்டைகளையும் ஒன்றையொன்றும் பிடித்துத் தளர்வான வலை கட்டுகின்றன. பிரஷ் இழுப்பில் சட்டென்று தண்ணீராகி ஓடிவிடாததால் பூச்சு தடிமனாக நிற்கிறது, பிரஷ் போனதும் நிதானமாகப் படிகிறது. விலை அதிகம். ஒரே கடையில் ஒரே அளவு டப்பாவின் விலை இரண்டு மடங்கு வித்தியாசப்படுவதில் இதுவும் ஒரு காரணம். பெயர்ப்பலகையில் இருக்கும் நடிகர் மட்டுமே காரணம் இல்லை.

அந்த வலைக்கு ஒரு பலவீனம். கடையில் கலர் மிஷினில் சொட்டுச் சொட்டாக விழும் நிறக்கரைசலில் சோப்பு போன்ற பொருள்கள் இருக்கின்றன. அவை கொக்கிகளைப் போய்ப் பிடித்துக்கொண்டால் வலை தளர்கிறது. வெள்ளை நன்றாகப் படிகிறது, அதே பெயிண்டில் கரும்பச்சை கலந்தால் ஒழுகுகிறது என்று பெயிண்டர்கள் புலம்புவது வெறும் பிரமை இல்லை.

*

சரித்திரத்துக்கு ஒரு பத்தி. 1941இல் அமெரிக்காவில் கெம்-டோன் வந்தது. தண்ணீரில் கலந்து சுவரில் அடிக்கும் பெயிண்ட், பாலிலிருந்து எடுக்கும் கேசினை நம்பியது. 1948இல் ஸ்ப்ரெட் சாட்டின், செயற்கை ரப்பர் குடும்பத்து உருண்டைகளோடு. 1953 வாக்கில் அக்ரிலிக். எல்லாமே சுவருக்குத்தான். மினுமினுப்பான கதவுக்கும் ஜன்னலுக்கும் எண்ணெய் எனாமல் பல பத்தாண்டுகள் அசையாமல் இருந்தது. காரணம் பிரஷ் கோடு.

அசைத்தது சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு ஆணைப்படி, 2010 முதல் மரச் சட்டங்களுக்கான தண்ணீர் பெயிண்டில் லிட்டருக்கு 130 கிராமுக்கு மேல் ஆவியாகும் கரிமப் பொருள் இருக்கக் கூடாது, கரைப்பான் பெயிண்டில் 300 கிராமுக்கு மேல் கூடாது. வாடைக்காரப் பொருளைக் குறைக்கும்போது முதலில் அடிபடுவது புரோப்பிலீன் கிளைக்கால் போன்றவை. மெதுவாக ஆவியாகிப் பெயிண்டை ஈரமாக வைத்திருந்த ஆள் அவர்தான். நாற்றம் போனது, நேரமும் போனது. பிரிட்டிஷ் பெயிண்டர்கள் ஃப்ளோட்ரோல் என்ற கலவையை வாங்கி ஊற்றிச் சமாளித்தார்கள். அதே ஃப்ளோட்ரோலைக் கான்வாஸில் அக்ரிலிக்கை ஊற்றிச் சித்திரம் செய்பவர்களும் வாங்குகிறார்கள். அவர்களுக்கும் வேண்டியது ஓட்டமும் நேரமும்தான்.

*

பரப்பு இழுவிசைதான் கோட்டை அழிக்கிறது என்றால், சுத்தத் தண்ணீரின் இழுவிசை 72. டர்பன்டைனுடையது 25 அளவு. தண்ணீர் பெயிண்ட் அல்லவா பிரமாதமாகப் படிய வேண்டும்? முழு 72ஐயும் வைத்துக்கொண்டால் பெயிண்ட் பழைய எனாமல் மேல் பரவவே பரவாது, முத்து முத்தாக உருண்டு நிற்கும். பரவ வைக்கச் சோப்பு வகைப் பொருள் சேர்த்து 30, 40க்கு இறக்குகிறார்கள். ஒட்டுவதற்காகப் படிவதை விட்டுக்கொடுக்கிறார்கள்.

அப்படி இறக்கியும் சில இடங்களில் ஒட்டாது. சோபாவுக்குப் பின்னால் சுவரில் தலை சாய்த்துச் சாய்த்து எண்ணெய்க் கறை ஏறிய இடம் எல்லா வீட்டிலும் உண்டு. தேங்காய் எண்ணெய்க்கு இழுவிசை குறைவு. அதன் மேல் வைத்த பெயிண்ட் சுற்றிலும் விலகி, நடுவில் மீன்கண் மாதிரி பள்ளம் விழும். இன்னொரு கோட்டு போட்டால் இன்னும் பெரிய கண். சோப்புத் தண்ணீரில் கழுவி, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்தால்தான் அடங்கும். மேசை துடைக்கும் சிலிகான் ஸ்பிரே பட்ட இடம் இதைவிட மோசம். பெயிண்டில் நுரை வராமல் இருக்கக் கம்பெனியே சேர்க்கும் மருந்து கொஞ்சம் கூடினாலும் இதே கண்தான். நுரையா, கண்ணா என்று அவர்கள் அளந்து அளந்துதான் ஊற்றுகிறார்கள்.

*

எண்ணெய் எனாமல் அவ்வளவு அழகாகப் படிந்ததற்கு ஆர்ச்சர்ட் சொல்லாத இன்னொரு உதவியும் உண்டு. பள்ளத்தில் பூச்சு மெலிது. கரைப்பான் அங்கே சீக்கிரம் தீர்ந்து, பிசின் செறிந்து, பரப்பு இழுவிசை கூடும். இழுவிசை கூடிய இடம் குறைந்த இடத்திலிருந்து திரவத்தை இழுக்கும். இழுவிசை வித்தியாசத்தால் வரும் இந்த ஓட்டத்துக்கு இத்தாலியின் கார்லோ மாரங்கோனி பெயர். 1865இல் பாவியா பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த ஆய்வேட்டிலிருந்து வருகிறது. ஓவர்டீப் 1986இல் இதைப் பெயிண்டில் கணக்கிட்டுக் காட்டினார். சில சமயம் இழுப்பு அளவுக்கு மீறி, பள்ளம் மேடாகவே மாறிவிடுவதுண்டு. தண்ணீர் பெயிண்டில் போகிற பொருள், அதாவது தண்ணீர், இழுவிசை அதிகமானது. அது போனால் கணக்கு எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். சோப்பு வகைப் பொருள் எல்லா இடத்திலும் இழுவிசையை ஒரே மட்டத்தில் பிடித்து வைப்பதால் பெரிய கெடுதல் இல்லை, எனாமலுக்குக் கிடைத்த அந்த இலவச உதவியும் இல்லை.

*

ஆய்வகத்தில் இதற்கு மார்க் போடுகிறார்கள். அமெரிக்கத் தர நிர்ணயம் ஏ.எஸ்.டி.எம். டி4062. பல் வைத்த உலோகத் தகடால் பெயிண்டை இழுத்து, வேண்டுமென்றே வரிவரியாக மேடு போட்டு, கிடத்திக் காய வைத்து, மாதிரித் தகடுகளோடு ஒப்பிட்டு 0 முதல் 10 வரை. பத்து என்றால் வரியே தெரியாது. கிடத்திக் காய வைத்து வாங்கிய பத்து, நின்ற கதவில் என்ன ஆகும் என்பதற்கு வழிசல் சோதனை தனி. விளம்பரத்தில் முதல் மார்க்கை மட்டும் போட்டால் சந்தேகப்படலாம்.

*

இனி நான் இந்த விஷயத்தில் மிக முக்கியம் என்று நினைப்பது. பெயிண்ட் கண்ணாடி மாதிரி படிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மரத்தில் 50 மைக்ரான் ஆழத்தில் ஒரு கீறல் இருந்தது; பெயிண்ட் அதையும் நிரப்பி மேலே சமமாக நிற்கிறது. 60 சதவீதத் திடத்தில் ஓட்டம் நின்றது. அதற்குப் பிறகும் 40 சதவீதம் தண்ணீர் போக வேண்டும், பூச்சு செங்குத்தாகச் சுருங்க வேண்டும். கீறலுக்கு மேலே பூச்சு 50 மைக்ரான் கூடுதல் தடிமன் அல்லவா? அந்த 50இல் 40 சதவீதம், 20 மைக்ரான், அங்கே கூடுதலாக இறங்கும். மறைந்த கீறல் மறுநாள் காலையில் திரும்பி வரும். இதை எந்தப் பிரஷும் எந்தக் கெட்டியாக்கியும் தடுக்க முடியாது, ஏனென்றால் இது நடக்கும்போது பெயிண்ட் ஓடும் நிலையிலேயே இல்லை.

பட்டி பார்க்கும் ஆளும் உப்புத்தாள் போடும் பையனும்தான் வழவழப்பின் பாதிக்கு மேல் தீர்மானிக்கிறார்கள். கூலி மட்டும் டின்னைத் தூக்குகிறவருக்கு அதிகம்.

மரமானால் இன்னொன்று: முதல் கோட்டின் தண்ணீரைக் குடித்து நார் எழும்பி நிற்கும். காய்ந்ததும் 220 எண் தாளால் லேசாகத் தடவி நாரை வெட்டிவிட்டு அடுத்த கோட்டு. முதல் கோட்டைத் தாளால் தொடாமல் இரண்டாவதை அடிப்பவர்கள் பெயிண்டைக் குறை சொல்ல உரிமை இல்லாதவர்கள்.

*

சுண்ணாம்பும் தண்ணீர்ப் பூச்சுதான். அது படிவதே இல்லை. சுவரை முதலில் நனைத்துவிட்டு அடிப்பார்கள். இருந்தும் மட்டையின் தடம் குறுக்கும் நெடுக்குமாக அப்படியே இருக்கும். காற்றின் கரியமில வாயுவைக் குடித்து அது இறுகும்போது அந்தத் தடமெல்லாம் வெளிச்சத்தைச் சிதறடித்து, மென்மையான ஒரு வெண்மை வரும். எமல்ஷன்காரர்கள் இப்போது அதே தோற்றத்தை ‘டெக்ஸ்சர்’ என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள்.

*

ஓட்டம் நின்ற பிறகு உருண்டைகளுக்கு என்ன ஆகிறது? தண்ணீர் விலக விலக, உருண்டைகளின் நடுவே சிக்கிய மிச்சத் தண்ணீரின் நுண்துளை இழுப்பு பல பத்து வளிமண்டல அழுத்தம் அளவுக்குப் போகிறது. உருண்டைகள் நசுங்கி, இடைவெளி இல்லாத பல முகக் கட்டிகளாகி, பிறகு எல்லை கலந்து ஒன்றாகின்றன. நசுங்க வேண்டுமானால் உருண்டை மென்மையாக இருக்க வேண்டும். அதற்காக மெதுவாக ஆவியாகும் ஒரு கரைப்பானைக் கொஞ்சம் சேர்க்கிறார்கள். டெக்சனால் என்ற பெயரில் கிடைப்பது அதில் புகழ்பெற்றது. உருண்டையை இளக்கி ஒட்டவைத்துவிட்டு நாள்கணக்கில், வாரக்கணக்கில் வெளியேறும்.

அரை மணியில் தொட்டால் ஒட்டாது என்பதை நம்பி அன்று இரவே கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவதன் விளைவு இங்கேதான் வருகிறது. கதவில் உள்ள மென்மையான படலமும் சட்டத்தில் உள்ள மென்மையான படலமும் அழுத்திக்கொண்டு கிடந்தால், உருண்டைக்கு உருண்டை சேர்ந்த அதே வேலையைப் படலத்துக்குப் படலம் செய்துகொள்ளும். காலையில் திறந்தால் ‘சர்ர்’ என்று ஒரு பக்கத்துப் பெயிண்ட் உரிந்து மறு பக்கத்தோடு வரும். ஒட்டாத அளவுக்குக் கெட்டியான பிசின் போட்டால் குளிரில் படலம் சேராது; சேரும் அளவுக்கு மென்மையாகப் போட்டால் கதவு ஒட்டும். உள்ளே கெட்டி, வெளியே மென்மை என்று ஒரே உருண்டையில் இரண்டு அடுக்கு வைத்துச் செய்து பாதி சமாளித்திருக்கிறார்கள். மீதிப் பாதிக்கு, சட்டத்தின் விளிம்பில் கொஞ்சம் முகப்பவுடர் தூவி, ஒரு வாரம் கதவை ஒருக்களித்தே வைத்திருக்கச் சொல்கிறார் பெயிண்டர்.